போல்ட் இல்லாத ரைஃபிள்

ரைஃபிளின் குழலான பேரல் வந்து சேர்ந்த டிசம்பர் வாரத்தில்தான் டெல்பர்ட்டின் நோய்க்கும் பெயர் தெரிந்தது. பேரல் நீளமான அட்டைக் குழாய்க்குள் தபால் வண்டியில் வந்தது. நோயின் பெயரை, பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் மூன்றே எழுத்துகளில் சொல்லி முடித்தார். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டே போகும் என்றார். முதலில் கை, பிறகு கழுத்து, பேச்சு, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

டெல்பர்ட் லைன்மேன். மொன்டானாவின் கிழக்கு ஓரத்தில், மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத அந்தப் புல்வெளியில், பனிமழையில் மின்கம்பி அறுந்தால் முதலில் கம்பம் ஏறுகிறவன் அவன்தான். இலையுதிர் காலத்தில் ஒருநாள் கம்பத்து உச்சியில் அவன் விரலிலிருந்து ஒரு நட்டு நழுவி விழுந்தது. கீழே நின்றவர்கள் கிண்டல் செய்தார்கள். சில நாள் கழித்து ஸ்பேனரே விழுந்தது. அப்போது யாரும் கிண்டல் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளே அவன் அந்த அட்டைக் குழாயை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நார்வலின் கேரேஜுக்கு வந்துவிட்டான். நார்வல் அவன் மனைவி ஆர்லீனின் அண்ணன். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் மெஷினிஸ்ட். இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை, ஆலை கழித்துக்கட்டியதை, வாங்கி, கார் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தியிருந்தான். கார் வருடக்கணக்காக வெளியே பனியில் கிடந்தது.

"மச்சான், பேரல் வந்துருச்சு."

ஆர்லீன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நார்வல் கையைத் துணியில் துடைத்தான். "இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்றான்.

"பின்ன எப்ப? நேரம் நிறையக் கெடக்குன்னு அந்த டாக்டர் சொன்னாரா?"

கோரின் என்றொரு பெண்மணி, ராணுவத்தில் குறிபார்த்துச் சுடச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஜூன் மாதத்தில் தன் பண்ணையில் தொலைதூரக் குறிசுடும் வகுப்பு நடத்துவார். இடம் கிடைப்பது லேசில்லை. டெல்பர்ட்டுக்கு வரும் ஜூனுக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. ரைஃபிளை அவரவரே கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு போக அவனுக்கு மனமில்லை. தானே ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்று பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்திருந்தான். போல்ட் ஓடும் உடல், அதற்குள் முன்பின் ஓடித் தோட்டாவை அடைக்கும் போல்ட், ட்ரிக்கர், குறிபார்க்கும் ஸ்கோப், வால்நட் மரத்தில் பின்கட்டை. பேரல் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது. அதன் பின்புறத்தில் மரை வெட்டி, தோட்டா உட்காரும் அறையைக் குடைவது நார்வல் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட வேலை. மற்றதெல்லாம் டெல்பர்ட் செய்வதாக இருந்தது.

இனி மற்றதையும் தானேதான் செய்ய வேண்டும் என்பது நார்வலுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவன் துப்பாக்கிப் பைத்தியம் இல்லை. வருடத்துக்கு ஒரு மான், அதுவும் கிடைத்தால். ஆனால் இரும்பு அவனுக்குத் தெரியும். பேரல் குழாயை வாங்கி மேஜைமேல் வைத்தான்.

"சரி மாப்ள, ஒக்காரு. அந்த விளக்கைப் புடி. அதையாவது உருப்படியாச் செய்."

"விளக்குப் புடிக்கிறதுக்கா நான் கம்பம் ஏறிப் பழகுனேன்?" என்றபடி டெல்பர்ட் இடது கையால் விளக்கைப் பிடித்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஆலை விட்டு வந்ததும் நார்வலுக்கு அதே வேலை. பேரலை லேத்தில் மாட்டி, அதன் துளை துளியும் ஆடாமல் சுற்றும்வரை நான்கு பக்கமும் திருகித் திருகி நேர்படுத்தினான். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம் இருந்தாலும் தொலைவில் குறி தப்பும். டெல்பர்ட் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆர்லீன் கொடுத்தனுப்பிய மான்கறி சாசேஜைக் கடித்துக்கொண்டு, குறை சொல்வான்.

"ஆலையில இப்படித்தான் வேலை பாப்பியா? அதான் சர்க்கரை இந்த வெலை விக்குது."

"வாயை மூடுறியா, வெளிய போறியா?"

"வாய் இன்னும் ஓடுதுல்ல? ஓடுறவரைக்கும் கேட்டுக்க."

அறை குடையும் நாள் வந்தது. நார்வல் குடையும் கருவியான ரீமரில் எண்ணெய் ஊற்றி உள்ளே செலுத்துவான், கொஞ்சம் போனதும் வெளியே இழுத்து இரும்புச் சுருளைத் துடைப்பான், மறுபடி செலுத்துவான். அறையின் ஆழத்தைச் சோதிக்க இரண்டு கேஜ்கள் உண்டு. ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும். இன்னொன்றை வைத்தால் மூடக் கூடாது. முதல் கேஜை வைத்ததும் நார்வல் விலகி நின்றான்.

"நீயே மூடிப் பாரு."

டெல்பர்ட்டின் வலது விரல்கள் போல்ட்டின் கைப்பிடியைச் சுற்றி வளைந்தன, ஆனால் பிடிக்கவில்லை. ஒன்றும் நடக்காததுபோல எழுந்து மறுபக்கம் போய், இடது உள்ளங்கையால் அழுத்தினான். போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடிக்கொண்டது. அடுத்த கேஜை வைத்து அழுத்தினான். பாதியில் நின்றது. அவன் முகம் மலர்ந்ததை நார்வல் அந்த டிசம்பருக்குப் பிறகு அன்றுதான் பார்த்தான்.

"பரவால்லடா மச்சான். ஒனக்கும் ஏதோ வருது."

ரைஃபிள் முழு உருவம் பெற்ற சமயம், ஆற்றில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது. ஒருநாள் மதிய இடைவேளையில் ஆர்லீன் ஆலை வாசலுக்கு வந்து, காரில் உட்கார்ந்தபடி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவளுக்கு அழுகிற பழக்கம் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, அந்தத் துப்பாக்கிய வீட்டுக்கு அனுப்பாத."

"ஏன்?"

"மத்ததையெல்லாம் பாஸ்டர் வீட்டுல குடுத்துட்டேன். வேட்டைக்குத்தான் இனிமே போகப் போறதில்லியேன்னு சொன்னேன், சரின்னுட்டார். இது ஒண்ணைத்தான் விட மாட்டேங்கிறார்."

நார்வல் கார் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தான்.

"போன வாரம் சொல்றார், கை ஓடுறப்பவே சில காரியத்தை முடிச்சுரணும்னு. என்ன காரியம்னேன். கேரேஜ் கதவுக்குப் பெயின்ட் அடிக்கணும்னார்." அவள் குரல் இறங்கியது. "கதவுக்குப் போன கோடையிலதான் அண்ணா அடிச்சோம்."

நார்வல் அவளுக்கு ஒரு வழி சொன்னான். ரைஃபிளைத் தராமல் இருக்க முடியாது. மேஜைமேல் வைத்துத் தோளில் பொருத்திப் பழக வேண்டும் என்று டெல்பர்ட் தினமும் கேட்கிறான். தந்துவிடலாம். போல்ட்டை மட்டும் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொள்வான். போல்ட் இல்லாவிட்டால் அது வெறும் குழாய்.

அப்படியே செய்தான். "போல்ட்டுக்கு இன்னும் பாலிஷ் போடணும் மாப்ள" என்றான். போல்ட்டைத் துணியில் சுற்றி ஆலையில் தன் லாக்கருக்குள் போட்டுப் பூட்டினான். டெல்பர்ட் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் ரைஃபிளை மணல் பையின்மேல் சாய்த்து, ஜன்னல் வழியாகத் தூரத்துத் தானியச் சேமிப்புக் கோபுரத்தை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பான். நார்வல் போனால் கேட்பான், "பாலிஷ் ஆச்சா?" இல்லை என்பான் நார்வல். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில்.

ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்லீன் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, டெல்பர்ட் அவனை எதிரே உட்காரச் சொன்னான். கழுத்துக்குப் பட்டை போட்டிருந்தார்கள். அதற்குமேல் அவன் முகம் தட்டில் எடுத்து வைத்ததுபோல இருந்தது.

"போல்ட் எங்கடா?"

"கேரேஜ்ல."

"லேத்துக்கு மேலயா, கீழயா?"

நார்வலுக்குப் பொய் அவ்வளவாக வராது. தரையைப் பார்த்தான்.

"ஆர்லீன் சொன்னாளா, நீயா செஞ்சியா?"

தங்கை இன்னும் எவ்வளவு காலம் இந்த மனிதனோடு இந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்று நார்வல் யோசித்தான். அதிக நேரம் யோசிக்கவில்லை. "நானாத்தான் செஞ்சேன்" என்றான்.

டெல்பர்ட் அவனை நேராகப் பார்த்தான். "அவ பயந்தா எனக்குப் புரியும். பொண்டாட்டி, பயப்படுவா. நீ யாரு? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே என்னைப் பாக்குற. ஒரு வார்த்தை, என் மூஞ்சியப் பாத்து, டேய், அப்படி ஏதும் நெனப்பு இருக்கான்னு கேட்டிருக்கலாம்ல? திருடன் மாதிரி எடுத்துட்டுப் போயிட்ட."

"மாப்ள…"

"கெளம்பு. கதவை நல்லாச் சாத்திட்டுப் போ, குளுருது."

அதன்பின் பல வாரம் பேச்சில்லை. நார்வல் அந்த வீட்டுக்குப் போனால், டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருப்பான். நார்வல் தோட்டத்துக் குழாயைச் சரிசெய்வான், குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துவான், ஆர்லீன் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டுத் திரும்புவான். அன்று தான் சொன்ன பொய்யை அவளிடம் சொல்லியிருந்தான். அவள் வாசல்வரை கூட வருவாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், சொல்ல மாட்டாள். நார்வலும் அவளைக் கேட்கவில்லை. கேரேஜில் லேத்தின்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டான்.

வகுப்புக்குச் சில நாள் இருக்கும்போது அவளே போன் செய்தாள். "அண்ணா, வகுப்புக்கு வரலைன்னு நான் சொல்லிட்டேன். அவர் கேக்கல. திரும்பப் போன் பண்ணி, வர்றேன்னு சொல்லவெச்சுட்டார். உன்னைக் கூப்பிடறார்."

போனான். டெல்பர்ட் ரைஃபிளின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தான். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. வீட்டார் மட்டுமே புரிந்துகொள்ளக்கூடிய பேச்சு.

"அந்தம்மா வகுப்புல ரெண்டு பேரு சேந்தாப்ல இருக்கணும். ஒருத்தன் சுடுவான், ஒருத்தன் பின்னாடி ஒக்காந்து காத்தைப் பாத்துச் சொல்லுவான். நான் காத்துப் பாக்கறேன்." சற்று மூச்சு வாங்கினான். "கன்னக்கட்டைய ஏத்து. ஒம் மூஞ்சி குதிரை மூஞ்சி, நல்லா ஏத்தணும்."

பின்கட்டையில் கன்னம் வைக்கும் பகுதி, டெல்பர்ட்டின் முகத்துக்கு அளவெடுத்து நார்வலே செதுக்கிப் பொருத்தியது. அதன் திருகைத் தளர்த்தி, தன் கன்னத்தை வைத்துப் பார்த்து, உயர்த்தி, மறுபடி இறுக்கினான். அந்தச் சின்ன வேலை அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. போல்ட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை; வகுப்புக்குக் கிளம்பும் நாளில் நார்வல் அதை லாக்கரிலிருந்து எடுத்து வந்தான்.

கோரினின் பண்ணை ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. அந்தக் கோடியில், ஆயிரம் கஜத்துக்கு அப்பால், வெள்ளையடித்த இரும்புத் தகடுகள் சங்கிலியில் தொங்கின. கோரின் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, சத்தமே போடாத பெண்மணி. சக்கர நாற்காலியைப் பார்த்து முகம் மாறவில்லை. ரைஃபிளை வாங்கி, போல்ட்டை இரண்டு முறை இழுத்து மூடினார்.

"யாரு கட்டுனது?"

"இவன்" என்றான் நார்வல்.

"அவன்" என்றான் டெல்பர்ட்.

கோரின் இருவரையும் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

முதல் நாள் நார்வல் சுட்டதெல்லாம் தப்பியது. புல்லின்மேல் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கட்டையில் வைத்தால், தன் மூச்சே ஸ்கோப்பை ஆட்டியது. பின்னால் நாற்காலியிலிருந்து, முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி, டெல்பர்ட் விடாமல் ஏசினான்.

"மாட்டை எல்லாம் சுட்டுறாத. அது பக்கத்துப் பண்ணை மாடு."

மத்தியானத்துக்குமேல் காற்று எழுந்தது. மற்றவர்கள் தடுமாறத் தொடங்கினார்கள். டெல்பர்ட் மட்டும் அமைதியாகிவிட்டான். வாழ்நாள் முழுக்கக் கம்பத்து உச்சியில் முதுகால் காற்றை வாங்கியவன். புல் எங்கே சாய்கிறது, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, பள்ளத்தில் காற்று எங்கே திரும்பிக்கொள்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெருப்பெயர்போலத் தெரிந்தது. "பொறு" என்பான். "பொறு… எடப்பக்கம் ரெண்டு கோடு. இப்ப." நார்வல் ஸ்கோப்புக்குள் தெரியும் கோடுகளில் இரண்டைத் தள்ளிப் பிடித்து ட்ரிக்கரை அழுத்துவான். சற்றுக் கழித்து, வெகுதூரத்திலிருந்து, யாரோ டம்ளரைக் கீழே வைத்ததுபோல ஒரு டங் வரும்.

அதன்பின் அநேகமாக எல்லாம் டங்தான். மூன்றாம் நாள் மற்ற மாணவர்கள் தங்கள் முறை முடிந்ததும் டெல்பர்ட்டின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவன் சொல்வதில் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. நார்வல் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தான். தான் கட்டியது எவ்வளவு நேராகச் சுடுகிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. டெல்பர்ட்டின் கோபமெல்லாம் போய்விட்டது என்றுகூட அவன் நினைத்துக்கொண்டான்.

கடைசி நாள் முடியும் தறுவாயில் கோரின் நாற்காலிக்கு அருகே வந்து குனிந்தார். "டெல்பர்ட், நீங்க ஒண்ணு சுடுங்களேன்."

டெல்பர்ட் தூரத்துத் தகட்டைப் பார்த்தான். பிறகு சரியென்று தலையை அசைத்தான்.

உயரமான மேஜை ஒன்றைக் கொண்டுவந்து, மணல் பைகளை அடுக்கி, ரைஃபிளைப் படுக்கவைத்தார்கள். நார்வல் அவன் தோளைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்தான். கன்னக்கட்டையைப் பழையபடி தாழ்த்தினான். கோரின் தோட்டாவை வைத்து போல்ட்டை மூடினார். டெல்பர்ட்டின் இடது ஆள்காட்டி விரலை எடுத்து நார்வலே ட்ரிக்கர்மேல் வைத்தான். அந்த ட்ரிக்கரை அவன் டெல்பர்ட்டுக்காக மிக லேசாக அமைத்திருந்தான். கோழி இறகு பட்டாலே சுட்டுவிடும்.

காற்று நின்றது. தகடு நேராகத் தொங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. நார்வலின் அணைப்புக்குள் டெல்பர்ட்டின் உடம்பு முழுக்க இறுகியது, நெற்றியில் வியர்வை அரும்பியது. விரல் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. பின்னால் நின்றவர்கள் மெல்லத் தங்கள் வண்டிகளின் பக்கம் நகர்ந்தார்கள்.

"போதும் மச்சான்" என்றான் டெல்பர்ட். "எடுத்துரு."

திரும்பும் வழியில் பிக்கப் வண்டியை நார்வல் ஓட்டினான். இருபக்கமும் கோதுமை வயல். வெகுதூரம் போனபிறகுதான் அவனால் கேட்க முடிந்தது.

"எப்பலேருந்து மாப்ள?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே சந்தேகம்தான். அதான் போல்ட்டைக் கேட்டேன். மூடி, தோட்டா இல்லாம ட்ரிக்கரை ஒரு தடவ தட்டிப் பாத்தா வெரல் ஓடுதான்னு தெரிஞ்சுரும்னு. நீ குடுக்கல."

நார்வல் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினான். எதிரே வந்த லாரிக்காரன் கையசைத்துவிட்டுப் போனான்.

டெல்பர்ட்டுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு தேவைப்பட்டது. "நெனைக்கவே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். டிசம்பர்ல நெனச்சேன். ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற வழி பூரா நெனச்சேன். வந்து பாத்தா வாசல்ல பேரல் கெடக்கு. பாதியில கெடக்குற துப்பாக்கிய விட்டுட்டு எவனாவது போவானா? அப்பறம் நீ பண்ண வேலையக் கொறை சொல்லவே பொழுது சரியாப் போச்சு."

"நான் கேட்டிருக்கணும்டா."

"கேட்டிருக்கணும்." டெல்பர்ட் மூச்சை இழுத்துக்கொண்டு, "நீயா செஞ்சதாச் சொன்னியே, அது பொய்தான?" என்றான்.

நார்வல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"ஒனக்கு அவ்வளவு யோசனை வராது. அவதான்னு அன்னிக்கே தெரியும். ஆனா அவகிட்ட எப்படிக் கோவிச்சுக்க? சட்டை மாட்டி விடறவ அவ. குளிப்பாட்டறவ அவ. கோவத்தை எங்கயாவது எறக்கி வெக்கணும்ல. நீ இருந்த." அவன் வாயோரம் வழிந்ததை நார்வல் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். "வண்டிய எடு. அவ சமைச்சு வெச்சிருப்பா."

கோடை முடிவதற்குள் பேச்சு முற்றிலும் நின்றது. அறுவடை முடிந்து ஆலையில் பீட் குவியத் தொடங்கியபோது மூச்சுக்கு எந்திரம் வந்தது. நார்வல் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவனுக்குச் சவரம் செய்துவிடுவான். டெல்பர்ட்டின் கண்கள் மட்டும், கத்தி போகிற வழியையெல்லாம் பின்தொடர்ந்து, குறை சொல்லிக்கொண்டே இருந்தன. பிப்ரவரியில் ஒரு காலைப்பொழுது, ஆர்லீன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. நிலம் கல்லாக உறைந்து கிடந்ததால் குழி வெட்டத் தாமதமானது. லைன்மேன்கள் எல்லோரும் வேலை உடையிலேயே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பனியில் நின்றார்கள்.

டெல்பர்ட் படுத்திருந்த வாடகைக் கட்டிலை எடுத்துப் போக ஆட்கள் வந்த அன்று நார்வல் தங்கை வீட்டுக்குப் போனான். கட்டில் போனபின் கூடம் பெரிதாகிவிட்டது. ரைஃபிளை நீயே வைத்துக்கொள் என்றாள் ஆர்லீன். சரி என்றான். இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். துக்க வீட்டுக்கு ஊரார் உணவு கொண்டுவந்து கொடுத்த பாத்திரங்கள் திருப்பித் தரப்படாமல் மேடை முழுக்கக் கிடந்தன.

"ஒண்ணு சொல்லணும் அண்ணா" என்றாள். "நீ எம்பேரைச் சொல்லாம பழியை ஏத்துக்கிட்டியே. நான் ஒருநாள் அவர்கிட்ட சொல்லிரலாம், சொல்லிரலாம்னே இருந்தேன். பயம். கடைசிவரைக்கும் அவர் உன்னைத் தப்பா நெனச்சுட்டே போயிட்டாரேன்னு…"

அவள் இப்படித் தன்னையே தின்றுகொள்வதை நார்வலால் பார்க்க முடியவில்லை. அதனால் சொன்னான். "அவனுக்குத் தெரியும் ஆர்லீன்."

"எது?"

"நீதான்னு. அன்னிக்கே தெரியும். வகுப்பு முடிஞ்சு வர்றப்ப சொன்னான். உன்கிட்ட கோவிச்சுக்க மனசு வரலைன்னான். அதான் என்கிட்ட கோவிச்சுக்கிட்டான். அவ்வளவுதான் விஷயம்."

அவள் முகம் தெளியும் என்று அவன் எதிர்பார்த்தான். ஆர்லீன் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மனசு வரலைன்னாரா."

"நீதான எல்லாம் பாத்துக்கிட்ட. அதான்."

"அதான்." அவள் அந்தச் சொல்லையே திருப்பிச் சொன்னாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நாங்க சண்டை போடாத வாரமே கெடையாது. உனக்கே தெரியும். தட்டு எறிஞ்சிருக்கேன் நான். கடைசி வருஷம் பூரா ஒரு சண்டை இல்ல. தண்ணி குடுத்தா தேங்க்ஸ். கைய நீவி விட்டா தேங்க்ஸ். ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்ட பேசற மாதிரி. நோய்தான் அப்படிப் பண்ணுதுன்னு நெனச்சேன்." அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "உன்கிட்ட போட்ட சண்டைய என்கிட்ட போட்டிருக்கலாம்ல, அண்ணா? நான்தான அவர் பொண்டாட்டி?"

ஆறுதல் என்று நினைத்துத்தான் நார்வல் அதைச் சொன்னான். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்தக் கணமே எடுத்துக்கொண்டிருப்பான்.

ஆர்லீன் எழுந்து குழாயைத் திறந்து, பிறர் வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள். முதுகு குலுங்கியது, கை நிற்கவில்லை. நார்வல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் நீட்டியதையெல்லாம் வாங்கித் துடைத்தான்.